சிறு அறையில் ஒலித்த சங்கீதம்: சில போலிஷ் பெயர்களும் ஒரு தர்மபுரிப் பெயரும்

போலந்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு உலக யுத்தங்களுக்கு இடையிலும் அதற்குப் பின்னும் அங்கே எழுதப்பட்டு, பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, சமீப காலத்தில் மீண்டும் வாசிக்கப்படுகிற சேம்பர் இசையைப் பற்றி ஒரு கட்டுரை. நண்பர் ஒருவர் அனுப்பிவைத்த பதிவுகளை இரண்டு வருஷமாகக் கேட்டுவருகிறேன். குறிப்புகள் அரை நோட்டுக்கு வந்துவிட்டன. கட்டுரை நின்றுபோனதற்குக் காரணம் அதே நண்பர் கடிதத்தில் கேட்டிருந்த ஒரு கேள்வி. "நம்மிடம் இந்த மாதிரி எதுவும் இல்லையா?"

சேம்பர் இசை என்பதை 'அறை இசை' என்று சொல்லிப் பார்க்கலாம். மண்டபத்துக்காகவோ தேவாலயத்துக்காகவோ அல்லாமல், ஒரு வீட்டின் அறைக்குள் நாலைந்து பேர் வாசிக்க, அதைவிடச் சற்றே அதிகமான பேர் கேட்க என்று உண்டான சங்கீதம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்த குவார்ட்டெட்தான் அதன் பிரதான வடிவம். பெரிய வாத்தியக் குழுவின் முழக்கத்தில் ஒளிந்துகொள்ளும் சௌகரியம் இதில் கிடையாது. ஒரு குரல் பிசகினால் உடனே தெரிந்துவிடும். திரளை வசியப்படுத்த வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாததால்தான் இருபதாம் நூற்றாண்டு இசைக்காரர்கள் பலர் தங்களுடைய மிகக் கடுமையான சோதனைகளை இந்தச் சிறு அறைக்குள் நடத்திப் பார்த்தார்கள். முன்னூறு பிரதி அச்சடித்து, அதில் பாதியை இலவசமாக அனுப்பிவைக்கும் காரியத்தோடு சம்பந்தமுள்ள இந்த வாசகர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

என் நோட்டில் இருந்த பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். ல்வோவ் நகரில் இசை கற்பித்துக்கொண்டிருந்த யூசெஃப் கோஃப்லர். பன்னிரு ஸ்வர முறையைப் போலந்தில் முதலில் கையாண்டவர். 1928இல் அவர் எழுதிய, மூன்றே நரம்புக் கருவிகளுக்கான 'ட்ரயோ' எலும்பும் நரம்பும் மட்டுமே உள்ள ஒரு படைப்பு. யூதரான அவர் 1944 வாக்கில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். கையெழுத்துப் பிரதிகளில் பலவும் அவரோடு போயின. கிராஜினா பாட்செவிச் தானே தேர்ந்த வயலின் கலைஞர். ஏழு குவார்ட்டெட்டுகள் எழுதினார். 1951இல் எழுதிய நான்காவது, பெல்ஜியத்தின் லியேழ் நகரப் போட்டியில் முதல் பரிசு பெற்றது. ஷிமோன் லாக்ஸ் ஆஷ்விட்ஸ்-பிர்கெனவ் முகாமில் கைதிகளின் வாத்தியக் குழுவை நடத்த நேர்ந்து, உயிரோடு வெளியே வந்தவர். வந்த 1945லேயே போலந்து நாட்டுப்புற மெட்டுகளைக் கொண்டு தன் மூன்றாவது குவார்ட்டெட்டை எழுதினார். வார்சாவில் பிறந்த மெச்சிஸ்லாவ் வெய்ன்பெர்க் 1939இல் சோவியத் நாட்டுக்குத் தப்பி ஓடினார். பெற்றோரும் தங்கையும் பின்தங்கி மாண்டார்கள். 1937க்கும் 1986க்கும் இடையில் அவர் 17 குவார்ட்டெட்டுகள் எழுதினார். பெல்ஜியத்தைச் சேர்ந்த டானெல் குழுவினர் பதினேழையும் பதிவு செய்தது இந்த நூற்றாண்டில்தான்.

நண்பரின் கேள்விக்கு உடனே ஒரு பதில் தோன்றியது. சபாக்கள் வருவதற்கு முன் நம்முடைய சங்கீதத்தில் பெரும்பகுதி அறை இசைதானே? வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமைகளை விட்டால் வேறு உதாரணம் எதற்கு? இதை எழுதி அனுப்பிவிட்டு, சரிபார்ப்பதற்காகத் தனம்மாளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அவர் வீட்டுச் சங்கீதத்தில் பாதி பதம் என்றால் மறுபாதி ஜாவளி. அந்த ஜாவளிகளில் முக்கியமானவை பலவற்றை இயற்றியவர் தர்மபுரி சுப்பராயர் என்றிருந்தது. எந்த தர்மபுரி? சந்தேகமே வேண்டாம், இதே தர்மபுரிதான். 1965 வரை சேலம் ஜில்லாவின் பகுதியாக இருந்த ஊர். சேலத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். ல்வோவ் நகரத்து ஆசிரியர் எந்த ஆண்டில் எந்த முறையில் எழுதினார் என்று என்னால் சொல்ல முடிகிறது. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரின் பெயரை முத்திரையாக வைத்துப் பாட்டுக் கட்டியவரை எனக்குத் தெரியவில்லை. இங்கிலீஷ் இலக்கியம் படித்த நம்மில் பலருடைய ஞானத்தின் லட்சணம் இதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்மபுரிக்குப் போனேன். போய் என்ன கண்டுபிடிக்கப் போகிறோம் என்ற தெளிவு ஏதும் இல்லை. நாலைந்து பேரிடம் விசாரித்ததில், வயதான ஒருவர் மட்டும் நின்று பதில் சொன்னார். "சுப்பராயருங்களா? எந்தத் தெருவுல இருக்கறாருங்க?" நான் ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஜாவளி என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்று வளர்ந்த சிறு வடிவம். பதத்தின் தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். பதம் மிகத் தாழ்ந்த காலப்பிரமாணத்தில், ஒரு சொல்லின் மேல் நின்று நின்று நகரும். ஜாவளி நடை சற்று வேகமானது. பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பது, கிண்டலும் கோபமும் கூச்சமின்றி வருவது. பெரும்பாலும் ஒரு பெண் பேசுகிறாள், காதலனிடமோ தோழியிடமோ. சுப்பராயர் தனம்மாளின் சமகாலத்தவர், அவர் வட்டத்தைச் சேர்ந்தவர். பாடல்கள் தெலுங்கில். பரஸ் ராகத்து 'ஸ்மரசுந்தராங்குனி' ஓரளவு எல்லோரும் கேட்டிருக்கக் கூடியது. காபி ராகத்தில் 'பருலன்ன மாட'வில், ஊர் சொல்வதை நம்பாதே என்று ஒருத்தி மன்றாடுகிறாள். மன்றாடுகிறாளா, மிரட்டுகிறாளா என்பது பாடுகிறவரைப் பொறுத்தது. அங்கேதான் இந்த வடிவத்தின் உயிர் இருக்கிறது. வார்த்தை ஒன்றைச் சொல்லும், ஸ்வரம் அதைச் சற்றே மறுக்கும். நவீன கவிதையில் நாம் தேடி அலைகிற அந்த இரட்டைக் குரல் இங்கே சாதாரணமாகப் புழங்கியிருக்கிறது.

இனி அந்த அறை. தனம்மாள் 1867இல் பிறந்தவர். பாட்டி காமாட்சி தஞ்சாவூர் மரபைச் சேர்ந்த நர்த்தகி. சென்னை ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ணா தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வீணை வாசிப்பார், கூடவே மெல்லப் பாடுவார். மிருதங்கம் கிடையாது. தந்தியை மீட்ட நகமுனை கிடையாது, வெறும் விரல்தான். கேட்க வருகிறவர்களில் பெரிய வித்வான்களும் உண்டு. சிறு சத்தம் எழுந்தாலும் அவருக்குப் பொறுக்காது என்பதால் எல்லோரும் அசையாமல் இருப்பார்கள் என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். பேரன் டி. சங்கரன் எழுதிவைத்த நினைவுகள் இல்லாவிட்டால் இந்த அறையைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது இன்னும் குறைவாக இருக்கும். கடைசிக் காலத்தில் பார்வை மங்கியது, பணமும் இல்லை. 1938இல் இறந்தார்.

1932இல் கொலம்பியா கம்பெனி அவரைச் சில இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். வயது அறுபத்தைந்து. நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் இடையே பஸ்ஸில் போகும்போது காதில் செருகிக்கொண்டு இவற்றைக் கேட்டிருக்கிறேன். முதலில் கேட்பது எண்ணெய் பொரிவது போன்ற தட்டின் இரைச்சல்தான். அதற்கு அடியில் வீணை. ஒரு மீட்டலில் பிறந்த நாதம் தேய்ந்து அடங்குவதற்குள், மறுபடி மீட்டாமல், தந்தியை இழுத்தே அடுத்த ஸ்வரங்களுக்குப் போகிறார். மறைந்துகொண்டிருக்கும் ஒன்றின் மேல்தான் அடுத்தது கட்டப்படுகிறது. வீணைக்குப் பின்னால், பாடுகிறாரா முனகுகிறாரா என்று தீர்மானிக்க முடியாத குரல். நமக்காக அல்ல, தனக்காகவே வாசிப்பதுபோல இருக்கிறது. முதல் நாலைந்து முறை எனக்கு எதுவும் பிடிபடவில்லை. கோஃப்லரின் ட்ரயோவும் முதலில் பிடிபடவில்லை, ஆனால் அதற்கு நான் பொறுமை காட்டினேன். ஐரோப்பியக் கடினத்துக்குக் கொடுக்கிற அவகாசத்தை இந்தக் கிழவியின் மூன்று நிமிஷத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லாமல் இருந்தது ஏன் என்பது நான் என்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இந்தச் சங்கீதம் எப்படிப் பின்னுக்குப் போயிற்று? மறதி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. மூன்று காரியங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன.

முதலாவது, அறை போயிற்று. 1928இல் சென்னையில் மியூசிக் அகாடமி ஆரம்பமாயிற்று. சபாக்கள் பெருகின, மைக் வந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கச்சேரி பத்ததி நிலைபெற்றது. வர்ணம், கீர்த்தனைகள், விஸ்தாரமான ராகம், தனி ஆவர்த்தனம், அதற்குப் பிறகு துக்கடா. பதமும் ஜாவளியும் அந்தக் கடைசி இடத்தில் போய் உட்கார்ந்தன. அதாவது, தனி முடிந்து பாதிப் பேர் எழுந்து காண்டீனுக்குப் போகிற நேரம். ஓர் அறையின் மாலை முழுவதையும் நிறைத்திருந்த வடிவம் மண்டபத்தில் பாக்கு வெற்றிலை மாதிரி ஆனது.

இரண்டாவது, அதைப் பாடியவர்கள் போனார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் தடுக்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்காக முத்துலட்சுமி ரெட்டி நடத்திய போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது பல பெண் குழந்தைகளின் வாழ்க்கையை ஒரு வழக்கத்திலிருந்து விடுவித்தது. ஆனால் சட்டம் தடுத்தது பொட்டுக்கட்டுவதை. சமூகம் அதோடு நிற்காமல் அந்தப் பெண்கள் பாடிய விதத்தையும் சந்தேகிக்கத் தொடங்கியது. வேறு வீட்டுப் பெண்கள் மேடைக்கு வந்தபோது பாட்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். கூச்சம் தரும் சரணங்கள் ஒதுங்கின. மிச்சமிருந்த சிருங்காரத்துக்கு ஜீவாத்மா, பரமாத்மா என்று வியாக்கியானம் எழுதப்பட்டது. காதலனோடு சண்டை போடுகிற ஒரு பெண்ணைப் பார்த்து, நீ உண்மையில் கடவுளைத்தான் திட்டுகிறாய் என்று சொல்வது அவளை மௌனமாக்கும் உத்திதான்.

மூன்றாவதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இருந்தது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாடும், 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கமும் நியாயமான ஒரு கோபத்திலிருந்து பிறந்தவை. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் பிச்சைபோல வந்துகொண்டிருந்தது. அதே பழைய சேலம் ஜில்லாவில் தொரப்பள்ளியில் பிறந்து சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி தமிழிசைக்குத் துணை நின்றார். அந்த இயக்கம் இல்லாவிட்டால் நாம் இழந்திருக்கக் கூடியவை அநேகம். ஆனால் அதற்குப் பின் வளர்ந்த நம் தலைமுறைகளின் காதில் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. தெலுங்கு என்றால் அது மேடையின் மொழி, அக்கிரகாரத்தின் மொழி, நமக்கு வெளியே இருப்பது. தர்மபுரிக்காரர் தெலுங்கில் எழுதினார் என்றதும் அவர் நம்முடைய கணக்கிலிருந்து கழிந்துபோனார். தெலுங்கு நாட்டிலோ, அவர் தமிழ்நாட்டு ஊர்க்காரர்.

இந்த மூன்றாவது விஷயத்தில் என் அபிப்பிராயம் மாறியது புத்தகத்தால் அல்ல. வங்கியில் பக்கத்து மேஜைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இந்தச் சமவெளியில் அது விசேஷமே இல்லை. சேலத்திலிருந்து ஓசூர் வரை தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஒரு மத்தியான சாப்பாட்டு வேளையில் பிருந்தாவும் முக்தாவும் சேர்ந்து பாடிய ஜாவளி ஒன்றை அவர் காதில் மாட்டிவிட்டேன். சங்கீதத்தில் அவருக்கு ஈடுபாடு கிடையாது. சற்று நேரம் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டவர் சட்டென்று சிரித்துவிட்டார்.

"இதென்னங்க, சண்டை போடற மாதிரியும் இருக்குது, கொஞ்சற மாதிரியும் இருக்குது. ஊருல சொல்றத நம்பாதேங்குது."

"உங்களுக்குப் புரியுதா?"

"எங்க ஊட்டுத் தெலுங்கு இல்லீங்க இது. ஆனாலும் புரியுது." பிறகு குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் சபையில பாடறாங்களா?" என்றார்.

இசை தெரியாத ஒருவர் இரண்டு நிமிஷத்தில் அந்தப் பாட்டின் இரட்டைக் குரலைப் பிடித்துவிட்டார். கடைசிக் கேள்வியில் 1947க்குப் பிந்திய சரித்திரம் முழுவதும் இருந்தது. எனக்குப் பாட்டின் மெட்டு தெரியும், அர்த்தம் இரவல். அவருக்கு அர்த்தம் தெரியும், அது தன்னுடையது என்பது தெரியாது. வீட்டு மொழி என்றால் அடுப்படிக்கு மட்டுமானது என்று அவர் நினைத்திருந்தார்.

இப்போது போலந்துக்குத் திரும்புகிறேன். வெய்ன்பெர்க் மாஸ்கோவில் இறந்தது 1996இல். தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா சென்னையில் இறந்ததும் அதே 1996இல். தற்செயல்தான். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு மரணங்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. வெய்ன்பெர்க் போன பிறகும் அவருடைய 17 குவார்ட்டெட்டுகள் காகிதத்தில் இருந்தன. அவரைப் பார்த்தே இராத நான்கு பேர் எங்கோ அந்தக் காகிதத்தை விரித்து வாசிக்கலாம். கோஃப்லரின் கதி இன்னும் தெளிவு. காகிதம் தப்பியது கேட்கக் கிடைக்கிறது, காகிதம் எரிந்தது இல்லவே இல்லை.

நம்மிடமும் காகிதம் உண்டு. 1960இல் மியூசிக் அகாடமி வெளியிட்ட ஜாவளித் தொகுப்பில் சுப்பராயரின் பாட்டுகளும் பிறருடையவையும் பிருந்தாவே எழுதிய ஸ்வரக் குறிப்போடு இருக்கின்றன. ஆனால் ஸ, ரி, க என்று எழுதிய குறிப்பு ஸ்வரம் நிற்கும் இடத்தைச் சொல்லும், அது எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சொல்லாது. காபியில் காந்தாரம் எவ்வளவு தணிய வேண்டும், எந்தச் சொல்லில் குரல் பாதியோடு நிற்க வேண்டும் என்பது எதிரில் உட்கார்ந்தவருக்கு மட்டும் போய்ச்சேர்ந்தது. பிருந்தாவிடம் அருணா சாய்ராம், முக்தாவிடம் ஆர். வேதவல்லி என்று எதிரில் உட்கார்ந்தவர்கள் சிலர் இருந்ததால் கொஞ்சம் தப்பியது. பிருந்தாவுக்கு அகாடமி 1976இல் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. கௌரவம் தாமதமாகவாவது வந்தது. ஆனால் அறை திரும்பி வரவில்லை. ஐரோப்பிய அறை இசையைப் புதைத்து வைத்துப் பிறகு தோண்டி எடுக்கலாம். நம்முடையதில் இரண்டு தலைமுறை இடைவெளி விழுந்தால் தோண்டுவதற்கு மண் மட்டும்தான் இருக்கும்.

'மீட்டெடுப்பு' என்ற சொல்லில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. லாக்ஸைப் பற்றி எழுதுகிற பலர் ஆஷ்விட்ஸில் தொடங்கி ஆஷ்விட்ஸிலேயே முடித்துவிடுகிறார்கள். மூன்றாவது குவார்ட்டெட்டில் இருக்கிற துள்ளலை அவர்கள் கேட்பதே இல்லை. தனம்மாள் வீட்டுச் சங்கீதத்தைப் பற்றிய இன்றைய பேச்சிலும் இந்தப் பரிதாபம் புகுந்துவிட்டது. ஒடுக்கப்பட்டவர்கள், பாவம் என்று சொல்லிவிட்டுப் பாட்டைக் கேட்காமல் விடுவதும், ஜீவாத்மா-பரமாத்மா என்று சொல்லிவிட்டுக் கேட்காமல் விடுவதும் எனக்கு ஒரே காரியமாகத்தான் படுகிறது. அதே சமயம், சரித்திரம் வேண்டாம், சுத்த சங்கீதம் போதும் என்பவர்களோடும் நான் சேர முடியாது. கிராமபோன் கம்பெனியின் ஆரம்பகாலத் தட்டுகளில் பாடியவர்களில் சேலம் கோதாவரி என்று ஒருவர் உண்டு. என் ஜில்லாக்காரி. ஊர்ப் பெயரும் தன் பெயரும் தவிர அவரைப் பற்றி எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அந்த வெறுமை தானாக உண்டானதல்ல. அவர் எந்தத் தெருவில் இருந்தார், யாரிடம் கற்றார், யார் கேட்டார்கள் என்று எழுதிவைக்க அவமானப்பட்ட ஓர் ஊர் அதற்குப் பின்னால் இருக்கிறது. அது என் ஊர்.

அந்த வெள்ளிக்கிழமை அறையைத் திரும்பக் கட்டவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைத் தாங்கிநின்ற தனவந்தர்களையும் அவர்கள் வகுத்த மரியாதைகளையும் யாரும் திரும்பக் கேட்கமாட்டோம். அந்த அறை கேட்பவனிடம் எதிர்பார்த்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அசையாமல், அவசரமில்லாமல், பாடுகிறவர் நம்மை வசியம் பண்ண வேண்டும் என்று எதிர்பார்க்காமல் இருப்பது. இதற்கு ஜார்ஜ் டவுன் வேண்டாம், சபாவும் வேண்டாம். மூன்று நிமிஷத் தட்டுக்கு ராசிபுரம் தாண்டும் பஸ்ஸின் ஓர் இருக்கை போதும்.

போலந்துக் கட்டுரையைப் பிறகு எழுதுவேன். இப்போதைக்குச் சுப்பராயரின் ஜாவளிகளை ஒவ்வொன்றாகத் தமிழ் எழுத்தில் பிரதி எடுத்து, பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துப் பொருள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் கூச்சப்பட்டார், இப்போது அவரே கேட்டு வாங்குகிறார். மூன்று முடிந்திருக்கின்றன. நான்காவதில் ஒரு சொல்லில் நிற்கிறோம். அகராதி சொல்லும் அர்த்தம் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. வீட்டில் அம்மா அந்த வார்த்தையை எப்போதோ சொல்லிக் கேட்ட ஞாபகம், திட்டும்போதா கொஞ்சும்போதா என்பது நினைவில்லை, கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.